டெப்பி வீட்டுச் செம்பருத்தி

ஜூன் 6, வியாழன்

மகள் வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் பசி என்று கிடந்த உடம்பு இன்றுதான் ஒரு வழிக்கு வந்தது.

வந்ததும் முதல் பிரச்சினை பூ. மகள் கடையில் வாங்கி வைத்திருந்த ரோஜாக் கொத்தைச் செண்பகம் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஐஸ் பெட்டியில கெடந்து செத்த பூ. சாமிக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டாள். என் மனைவியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே விடிந்ததும் மங்கி குல்லா, ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அதன்மேல் செருப்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை என்று நான் புறப்பட்டேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இது தினமும் நடப்பதுதான். விடிவதற்குள் ஐந்தாறு பேர் கையில் பையோடு கிளம்பிவிடுவோம். அடுத்த வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டி வெளியே நீட்டிய கிளையில் பறிக்கலாம். மொட்டைத் தொடக் கூடாது. வீட்டுக்காரருக்கென்று நாலு பூவை விட்டுவைக்க வேண்டும். அவர் விழித்துக்கொண்டால் உள்ளேயிருந்து இருமுவார். நாமும் பதிலுக்கு இருமிவிட்டு நகர வேண்டும். இதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை.

இங்கே ஒகையோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே இருக்கும் இந்தத் தெருவில், வீட்டுக்கு வீடு பூ. ஆனால் பறிக்க ஒரு ஆள் கிடையாது. யாரும் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் போடுவதில்லை. செடியிலேயே பூத்து, செடியிலேயே வாடி, கீழே விழுகிறது. பார்க்கவே பாவமாக இருந்தது. வேலியே இல்லாத ஊரில் எது வேலிக்கு வெளியே என்று கொஞ்சம் யோசித்தேன். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லைத் தகராறு எனக்குப் புதிதல்ல. நடைபாதையிலிருந்து கைக்கு எட்டுவதெல்லாம் பொது என்று முடிவு செய்தேன்.

எங்களை இந்தத் தடவை வரவழைத்தது ஒரு விசேஷத்துக்காக. ஜூலை 2-ஆம் தேதி மகள் ஆவுடை உறுதிமொழி எடுத்து அமெரிக்கப் பிரஜையாகிறாள். மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி போன வருடமே ஆகிவிட்டார். பேரன் பிறக்கும்போதே ஆகிவிட்டான். இவள் ஒருத்திதான் பாக்கி. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஜூன் 7, வெள்ளி

ரோஜா, அப்புறம் காலிபிளவர் அளவில் ஒரு நீலப் பூ. "வாசனை இல்ல. ஆனா நெறம் இருக்கு. பிள்ளையாருக்கு வைக்கலாம்" என்று செண்பகம் ஒப்புதல் வழங்கினாள்.

ஜூன் 9, ஞாயிறு

பேரனை ஏதோ ஒரு மாத முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். காட்டில் கூடாரம் போட்டுப் படுத்து, கொசுக்கடி வாங்கி, விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவானாம். அதற்குப் பணம் வேறு கட்டியிருக்கிறார்கள். நல்ல வீட்டை இங்கே கட்டி வைத்துக்கொண்டு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "தன் கையால எல்லாம் செய்யப் பழகணும்லா மாமா" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கும்படி சமையலறைப் பெட்டிக்கு உத்தரவிட்டார். சுவிட்ச் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். டப்பா மாதிரி இருக்கிறது. சொன்னால் பாடும், மழை வருமா என்று சொல்லும், அடுப்புக்கு நேரம் வைக்கும். நான் சொன்னால் மட்டும் "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்கிறது. என் ஆங்கிலத்தைக் கலெக்டர்களே பாராட்டியிருக்கிறார்கள். செண்பகம் தமிழில் திட்டினாள்; அதற்கும் மன்னிப்புக் கேட்டது.

ஆவுடை பேசினால் உடனே கேட்கிறது. ஆனால் அதனிடம் பேசும்போது அவள் குரல் மாறிவிடுகிறது. மூக்கு வழியாக, நாக்கைச் சுருட்டி, வேறு யாரோ ஒருத்தி பேசுவது போல இருக்கிறது. ஆபீஸ் போனிலும் அதே குரல். தெருவில் எல்லோரும் அவளை 'ஆடி' என்று காரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் அந்தக் குரலில்தான் பதில் சொல்கிறாள். என்னிடம் திரும்பியதும் "எப்பா, காப்பி போடவா?" என்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு மகள்கள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

நம் ஊர் மாதிரி வெயில். ஆனால் துணியை வெளியே காயப்போடக் கூடாதாம். தெருச் சங்கத்தின் விதி. கரண்டில் சுற்றும் இயந்திரத்துக்குள்தான் போட வேண்டும். சுதந்திர நாடு என்கிறார்கள், ஒரு வேட்டியைக் கொடியில் போட உரிமை இல்லை.

தேசியக் கொடியைத்தான் போடலாம். அது எத்தனை வேண்டுமானாலும் போடலாம். எதிர்வீட்டு வால்டரின் வாசலில் ஒன்று, தபால் பெட்டியில் ஒன்று, பூந்தொட்டியில் குட்டிக் குட்டியாக நாலு. வால்டர் என் வயதுக்காரர். புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வளர்ந்த புல்லையெல்லாம் வெட்டி, பையில் கட்டி, குப்பைக்குப் போடுகிறார். பிறகு புல் வளர உரம் போடுகிறார். ஒரு மாடு வாங்கினால் இரண்டு வேலையும் முடியுமே என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்று இவர்களுக்குக் கொடி நாளாம். தெருவே சிவப்பும் நீலமுமாக இருக்கிறது.

ஆவுடை பாத்திரம் கழுவிக்கொண்டே உறுதிமொழியை மனப்பாடம் செய்தாள். பெட்டி ஒரு வரி சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். பழைய நாட்டோடு இருந்த விசுவாசத்தையெல்லாம் முற்றிலுமாகத் துறந்து விலகுகிறேன் என்று ஒரு வரி வருகிறது.

எனக்கு இந்தப் பாஷை தெரியும். எங்கள் ஆபீசில் இதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். கல்யாணமாகிப் போன பெண்கள் வந்து, பிறந்த வீட்டுச் சொத்தில் 'இனி எனக்கு யாதொரு பாத்தியமும் தொடர்ச்சியும் கிடையாது' என்று அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். போட்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அநேகமாக எல்லோரும் கேட்பார்கள்.

மாப்பிள்ளை, ஏதோ ஒரு அட்டை வாங்கிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வரலாம் என்கிறார். ஓட்டுப் போட முடியாதாம், வயல் வாங்க முடியாதாம். மற்றபடி ஒன்றுமே மாறவில்லை மாமா என்கிறார். நல்லது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

இன்று ஒரு சங்கடம்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை போனைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தெருக்காரர்கள் வம்பு பேசுவதற்கென்றே போனில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். காணாமல் போன பூனை, சத்தம் போடும் நாய், தெருவில் புதிதாக நிற்கும் கார், எல்லாம் அதில் வரும். இன்று வந்திருப்பது பூத்திருடன். மூன்றாவது வீட்டு டெப்பி, தன் வாசல் மணியில் உள்ள கேமராவில் விழுந்த படத்தைப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை என்னிடம் நீட்டினார். விடிந்தும் விடியாத வெளிச்சம். மங்கி குல்லா போட்ட ஒரு உருவம் தொட்டியிலிருந்து செம்பருத்தியைப் பறித்துப் பையில் போடுகிறது. நடை மட்டும் கம்பீரமாக இருந்தது. முகம் தெரியவில்லை.

"நீங்க காலையில நடக்கப் போறீங்கள்லா மாமா, யாரையாவது பாத்தீங்களா?"

"நான் யாரையும் பாக்கலியே" என்றேன். அது உண்மைதான். அந்த நேரத்தில் தெருவில் வேறு யாரும் இருக்கவில்லை.

கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். புத்தி தடுமாறிய யாரோ முதியவர், வீட்டாரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒருவர். பூ வியாபாரக் கும்பல் என்று ஒருவர். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேர். செண்பகம் சிரித்துப் புரையேறி எழுந்து போய்விட்டாள். ஆவுடை படத்தை எட்டிப் பார்த்தாள். "ரசம் விட்டுக்கிடுதீங்களாப்பா?" என்றாள்.

"ஆவுடைக்கு ரெண்டாந்தேதி முடியிற வரைக்கும் நாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும் மாமா" என்றார் மாப்பிள்ளை. "தப்பான எடத்துல காரை நிறுத்துனோம்னுகூட ஒரு அபராதச் சீட்டு வாங்கிடக் கூடாது."

ஜூன் 16, ஞாயிறு

பயந்து நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். குல்லாவை மட்டும் விட்டுவிட்டு மாப்பிள்ளையின் காலேஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். காது குளிர்ந்தது.

ஆவுடை ரவா லட்டு பிடித்தாள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "சும்மாதாம்ப்பா" என்றாள். சாயங்காலம் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நடக்கப் போனாள். திரும்பி வரும்போது டப்பா காலி.

ஜூன் 18, செவ்வாய்

மாப்பிள்ளை டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுவாக ஒரு சட்ட சந்தேகம் கேட்டேன். "ஒரு பேச்சுக்குக் கேக்கேன் மாப்ள. உறுதிமொழி எடுக்கப் போறவங்க வீட்டுல இருக்க ஆள் மேல போலீசு புகார் ஒண்ணு வந்துட்டுன்னு வைங்க. உறுதிமொழி தள்ளிப் போவுமோ?"

"சொல்ல முடியாது மாமா" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொல்ல முடியாது.

இன்று ஏனோ நல்ல பசி. தோசை இரண்டு அதிகம் போனது. ஆவுடை இன்றும் டப்பாவோடு நடந்துவிட்டு வந்தாள்.

ஜூன் 20, வியாழன்

காலையில் டெப்பி வீட்டுக்கு நேராகப் போனேன். அந்தச் செம்பருத்தித் தொட்டி நடைபாதையிலிருந்து கைக்கு எட்டாது; முன்பும் என் விதியை மீறித்தான் பறித்திருந்தேன். படியேறித்தான் போக வேண்டும். ஏறினேன். வியர்த்தது, தொப்பியைக் கழற்றினேன். வாசல் மணியைச் சுற்றி நீல வெளிச்சம் வந்தது. மூச்சு வாங்கியதால் அங்கேயே சற்று நின்றேன். தொப்பி வைத்துத் தலை கலைந்திருந்தது. நாலு பேர் நடமாடும் இடமாயிற்றே என்று சீப்பை எடுத்து வாரிக்கொண்டேன். பிறகு மூன்று பூவை நிதானமாகப் பறித்தேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வந்தார். வால்டரின் நாய் வந்தது. வேறு யாரும் வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மறுபடியும் டெப்பி வீடு. இந்தத் தடவை மணிக்கு நேராக நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். போலீஸ் வரவில்லை. இந்த ஊர்ப் போலீஸ் ரொம்ப மெத்தனம். சினிமாவில் காட்டுவதெல்லாம் பொய்.

ஜூன் 23, ஞாயிறு

தெருவில் ஏதோ நடக்கிறது. போகிற இடமெல்லாம் கையசைக்கிறார்கள். நாயோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பி "வணக்கம்" என்றாள். இரண்டு கையையும் மூக்குவரை தூக்கி, நாடகத்தில் மந்திரி கும்பிடுவது போல. டெப்பியே கதவைத் திறந்து, "குட் மார்னிங், ஆடியின் அப்பா!" என்று பாடாத குறையாகச் சொன்னாள். பதிலுக்கு நான் இருமினேன். பழக்க தோஷம்.

வால்டரின் தபால் பெட்டிக்குக் கீழே ஒரு கிண்ணம். அதில் ரோஜாக்களைக் காம்போடு வெட்டி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்டி வைத்ததை எடுத்துக்கொண்டு வர நான் என்ன யாசகத்துக்கா போகிறேன்? எடுக்காமல் வந்துவிட்டேன்.

செண்பகத்திடம் சொன்னேன். "இவ்வளவு வருசம் சர்க்கார் உத்தியோகம் பாத்திய, தெருவுல என்ன நடக்குன்னு இன்னுமா தெரியல?" என்றாள். என்ன என்று கேட்டேன். "லட்டு பிடிச்சுப் பிடிச்சு பிள்ளைக்குக் கை வலிக்கு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

பூத்திருடன் வழக்கு என்னவாயிற்று என்று மாப்பிள்ளையிடம் சாதாரணமாக விசாரித்தேன்.

"அது அன்னைக்கே முடிஞ்சு போச்சே மாமா. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். படம் வந்த அன்றே ஆவுடை தன் பெயரைப் போட்டு எழுதிவிட்டாளாம். அது என் அப்பா, விடியற்காலையில் சாமிக்குப் பூப் பறிப்பது எங்கள் ஊர் வழக்கம், கேட்காமல் பறித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அத்தோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாக லட்டோடு போய் நேரிலும் சொல்லியிருக்கிறாள். தெருவே சமாதானமாகிவிட்டது. எந்த வீட்டில் எந்தப் பூ எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே எழுதிப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"டெப்பி இப்ப தெனமும் உங்க வீடியோவைப் போடுதாங்க மாமா. நீங்க தலை சீவினது இருக்குல்ல, அதுதான் இந்தத் தெருவுலயே ஜாஸ்தி பேர் பாத்தது."

அதாவது, நான் அந்தக் கேமராவுக்கு முன்னால் போய் நின்ற நாட்களில் நான் குற்றவாளியே இல்லை. பொழுதுபோக்கு.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

நடக்கப் போகவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 28, வெள்ளி

ஆவுடை இயந்திரத்திலிருந்து துணிகளை அள்ளி வந்து சோபாவில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து துண்டுகளை மடித்தேன்.

"எப்பா, ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"மொதல்ல மொகத்தை மறைச்சுக்கிட்டுப் போனீங்க. அப்புறம் எதுக்குக் கேமராவுக்கு நேரா நின்னு தலை சீவுனீங்க?"

நான் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தேன். அது அதற்கு மேல் மடியாது.

"போலீசு வரணும்னா?" என்றாள்.

"பூவுக்குத்தான் போனேன்."

"அவ்வொ கிட்ட 'உறுதிமொழி தள்ளிப் போவுமா'ன்னு கேட்டீங்களாமே."

மாப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டே காதையும் திறந்து வைத்திருக்கிறார்.

"எடுக்கப் போவாண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாப்பா."

"நான் எதுக்குச் சொல்ல? எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே."

"எனக்கு இருக்குப்பா" என்றாள். அவள் மடித்துக்கொண்டிருந்தது என் வேட்டி. அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நெஞ்சு ஆபரேசன் நடந்தப்ப, ஊருக்கு வந்தா திரும்ப விசா கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயந்துக்கிட்டு இங்கயே கெடந்தேன். போன்ல உங்க மூச்சுச் சத்தத்தைத்தான் கேட்டேன். இனி ஒருத்தரும் என்னை அப்படி நிறுத்த முடியாது. நெனச்ச அன்னைக்கு ஏறிருவேன். அதுக்காகத்தான் எடுக்கேன். ஆனா அந்த வரி வரும்போது, அந்த விட்டு வெலகுதேன்னு சொல்லுத வரி, நாக்கு எந்திக்க மாட்டேங்கு. பத்து தடவ சொல்லிப் பாத்தாச்சு."

அந்தப் பெட்டி சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னது மனப்பாடத்துக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் எதைத்தான் கேட்டேனோ.

"எனக்கும் வருத்தந்தான்" என்றேன். சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. "இருந்தாலும் போயி எடு. நான் இனி கேமராவுக்கு நேரா நிக்க மாட்டேன்."

"தெனமும் நில்லுங்க. டெப்பி ஏங்கிப் போயிருவா" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அவள் பழைய சிரிப்பு.

ஜூன் 29, சனி

வால்டரின் கிண்ணத்திலிருந்து இரண்டு ரோஜா எடுத்துக்கொண்டேன். மரியாதைக்கு.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் எல்லோரும் கோர்ட்டுக்குப் போனோம். ஆவுடை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி எல்லா நாட்டு உடுப்பும் அங்கே இருந்தது. வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே போனதும் சிரித்து வரவேற்றார்கள். பிரஜையாகப் போகிறவர்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மூவரும் பின்னால். படம் பிடிக்கச் சொல்லி மாப்பிள்ளை என்னிடம் ஒரு போனைக் கொடுத்திருந்தார்.

நீதிபதி ஒரு வயதான அம்மாள். முதலில் ஒவ்வொரு நாடாகப் பெயரை வாசித்தார்கள். பெயர் கேட்டதும் அந்த நாட்டுக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும், உறுதிமொழி முடியும்வரை நிற்க வேண்டும். பிரேசில் என்றார்கள், நாலு பேர் எழுந்தார்கள். கானா என்றார்கள், ஒரு குடும்பமே எழுந்தது. ஒவ்வொரு தடவையும் கைதட்டல்.

"இந்தியா" என்றார்கள்.

முன்னால் ஆவுடை எழுந்தாள். கூடவே ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. பெயர் காதில் விழுந்தது, எழுந்து நின்றேன். "ஏங்க, உக்காருங்க. உங்களை இல்ல" என்று செண்பகம் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுந்து நின்ற பிறகு அந்தப் பெயருக்கு உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் நின்ற ஊழியப் பெண் என்னையும் பிரஜையாகப் போகிறவன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அருகில் வந்து என் கையில் ஒரு குட்டி அமெரிக்கக் கொடியைத் திணித்துவிட்டுப் போனாள்.

பிறகு எல்லோரும் வலது கையைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. ஒரு கையில் கொடி, ஒரு கையில் போன். நீதிபதி வரி வரியாகச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. அந்த வரி வந்தது. ஆவுடை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். நான் நிற்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்லி முடித்தாள்.

வெளியே கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"எப்பா, எதுக்கு எந்திச்சீங்க?"

"இந்தியான்னு கூப்பிட்டாங்க, எந்திச்சேன். போறவங்க மட்டுந்தான் எந்திக்கணும்னு யாரும் சொல்லலியே."

அவ்வளவு பேருக்கு நடுவில் என் தோளில் முகத்தை வைத்து ஆவுடை அழுதாள். எனக்கும் கண்ணை மறைத்தது. அந்தப் பக்கமாகப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவளுடைய பட்டுச்சேலையையும் என் கையிலிருந்த கொடியையும் பார்த்துவிட்டு நின்றாள். "உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் "தேங்க் யூ" என்றேன்.